மயில் கழுத்துக்கு அரக்குக் கரை

நம் போத்தனூர் லைன் வீட்டுப் பெண்களின் வாட்ஸாப் குழுவில் போன மாதம் ஒருத்தி ஒரு படம் போட்டாள். பழைய கரி இன்ஜின் ஒன்று தோட்டத்தின் நடுவே சிமெண்டு மேடையில் நிற்கிறது. உடம்பெல்லாம் சிவப்பு, ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையும், ஆணிக்கு ஆணி தங்க நிறம். ‘நம்ம சின்ன லைன் இன்ஜின்டி, எத்தனை அழகா வெச்சிருக்காங்க பாருங்க’ என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். நான் போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று உங்களில் சிலர் தனியாகக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல். அதில் பாதி என்னுடையது, பாதி என் அம்மாவுடையது. படத்தில் இருந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதேதான், எங்கள் அப்பா ஓட்டிய இன்ஜின். அந்தக் கதையை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. மானம் போய்விடும் என்று அம்மா வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். இனி நம் வயதுக்கு மானம் போனால் என்ன, இருந்தால் என்ன.

உங்களுக்கு நினைவிருக்கும். போத்தனூரில் அப்போது இரண்டு லைன். மெயில் வண்டிகள் போகிற அகலப்பாதை பெரிய லைன். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று போகிற குறுகலான மீட்டர் கேஜ் சின்ன லைன். நம் வீடுகள் பெரிய லைன் பக்கம். சின்ன லைனின் இன்ஜின் ஷெட்டு யார்டுக்கு அந்தப்புறம். குறுக்கே தண்டவாளமாகவே கிடக்கும். தாண்டினால் காலை ஒடித்துவிடுவதாக நம் அப்பாமார்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் சின்ன லைன் இன்ஜின்களை நமக்குச் சத்தத்தில் தெரியுமே தவிர முகத்தில் தெரியாது.

நாம் பாண்டி விளையாடிக்கொண்டிருந்த வயதில்தான் ஒரு வருஷம் அப்பாவுக்கென்று ஓர் இன்ஜின் ஒதுக்கினார்கள். ஓர் இன்ஜினை இன்ன டிரைவருக்கு என்று கொடுத்துவிட்டால் அதன் நல்லது கெட்டது அவர் பொறுப்பு. எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்தது. ஆயுத பூஜையன்று மட்டும் பெண்களையும் பிள்ளைகளையும் ஷெட்டுக்குள் விடுவார்கள் அல்லவா, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற இன்ஜின்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, முகத்தில் பித்தளை நட்சத்திரம் மின்ன நின்றன. அப்பாவுடையது வேறு ஏதோ ஷெட்டில் இருந்து வந்தது. புகைபோக்கியின் விளிம்பு நசுங்கியிருந்தது. சாயம் பொரிந்து, எண்ணெய் ஒழுகி, எது இரும்பு எது கரி என்று தெரியாமல் இருந்தது. வாயில் பொரிகடலையோடு அம்மா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“இதென்னுங்க, அடுப்புல வெச்ச கரிச்சட்டியாட்ட இருக்குது? இதுக்கா இத்தன வருசம் காத்துக் கெடந்தீங்க?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததாகத்தான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு வீட்டில் இன்ஜின் பேச்சே எடுக்கவில்லை. அம்மாவும் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் அப்பா ஒரு கேள்வி கேட்டார். மயில் கழுத்து நிறத்துக்கு என்ன கரை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று. அப்பா இப்படிக் கேட்கிற ஆள் இல்லை. சட்டையில் பொத்தான் அறுந்தால்கூடத் தெரியாதவர். அம்மாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். வேண்டுமென்றே கொஞ்சம் யோசித்தாள். மஞ்சள் வேண்டாம், கண்ணைக் குத்தும், பச்சை கூடவே கூடாது, அரக்குக் கரைதான் பொருந்தும், அதுவும் அகலக் கரை, நடுவே மெல்லிசாக ஒரு கோடு ஓடினால் இன்னும் எடுப்பு என்றாள். அப்பா தலையை ஆட்டி மனப்பாடம் செய்துகொண்டார்.

தீபாவளிக்குக் காந்திபுரத்தில் இருந்து ஒரு துணிப் பொட்டலம் வந்தது. உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சீலை, கரை இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டும். நான் கேட்ட கொலுசும் வரவில்லை, தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா சீலையை விரித்தாள், மடித்தாள். நல்லாருக்குதுங்க என்றாள். மயில் கழுத்துச் சீலை எங்கே போனது என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் வினை.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம், அந்தச் சீலை வேறொருத்திக்குப் போயிருக்கும் என்கிற சந்தேகத்துக்கே தோதாக அமைந்தது. ரயில் கார்டு வீட்டு அக்காவை நினைவிருக்கிறதா? அவளுடைய தம்பி பொள்ளாச்சியில் ஒரு மண்டியில் வேலையாக இருந்தான், தினமும் அப்பா ஓட்டுகிற வண்டியில்தான் போய்வருவான். வெள்ளிக்கிழமையானால் உங்களவர் பொள்ளாச்சியில் கையில் மல்லிகைப் பூவோடு இறங்குகிறார், வண்டி கிளம்பும்போது கையில் பூ இல்லை என்று அந்த அக்கா அம்மாவிடம் வந்து சொன்னாள். சும்மா காதில் போட்டு வைக்கிறேன், தப்பா நினைச்சுக்காதீங்க என்று வேறு சொன்னாள். ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறவளைக் கேட்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். உங்கப்பா காலையிலேயே நாலு முழம் வாங்கிப் போயிட்டாரே கண்ணு என்றாள் அவள். எங்கள் வீட்டுக்கு ஒரு முழம்கூட வந்து சேரவில்லை.

ஓய்வு நாளிலும் ஷெட்டில் வேலை என்று போனார். ஒரு நாள் சட்டைக் காலரில் சிவப்புக் கறையோடு வந்தார். அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. குங்குமத்தை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியிருக்கிறார் என்று முடிவு கட்டினாள். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், எங்கள் அம்மாவுக்குக் கண்டதெல்லாம் குங்குமம். மார்கழியில் பரணைச் சுத்தம் செய்தபோது பித்தளைத் தவலையைக் காணவில்லை. அடியில் ஓட்டை விழுந்து சும்மா கிடந்த தவலைதான். ஆனாலும் கல்யாணத்தில் அவளுடைய அம்மா சீராகக் கொடுத்தது. ஏணியில் நின்றபடியே அம்மா அழுதாள். ஓட்டையோ ஒடசலோ, எங்கம்மா குடுத்ததையுமா அவ ஊட்டுக்குத் தூக்கீட்டுப் போகோணும் என்றாள். அன்றைக்குத்தான் ‘அவ’ என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

இத்தனைக்கும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்க மாட்டோம். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. அம்மாவுக்குக் கோபம் ஏற ஏற அவள் பேச்சில் ‘ங்க’ கூடிக்கொண்டே போகும். சாப்பிடறீங்களா என்பது சாப்பிடறீங்களாங்க என்று ஆகும். தண்ணி வேணுமாங்க, வெளக்க அணைக்கட்டுமாங்க என்று வீடு முழுக்க ஒரே மரியாதையாக இருந்தது. அப்பா பாவம், தன் பெண்டாட்டி பணிவாக மாறிவிட்டாள் என்று சந்தோஷமாக இருந்தார்.

அம்மா டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கி வைத்துவிட்டாள். விஷயம் உறுதியானால் என்னைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்கு, தன் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். அங்கே பள்ளிக்கூடம் தூரம், ஆட்டுக்குட்டி மேய்த்துக்கொண்டு இருக்கலாம் என்றாள். உங்களுடன் அந்த மாதம் பாண்டி விளையாடும்போது நான் ஏன் திடீர் திடீரென்று அழுதேன் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள். உங்களையெல்லாம் விட்டுப் போகப்போகிறேன் என்று அழுதேன். உங்கள் அப்பாமார்கள் வீட்டுக்குப் பூ வாங்கி வருவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டும் அழுதேன். யாருடைய அப்பா என்று சொல்ல மாட்டேன், அவள் இன்னமும் அந்தப் பெருமையில்தான் இருக்கிறாள்.

தகவல் போய், பொங்கல் முடிந்ததும் மாமா வந்தார். ஒரு மூட்டை நிலக்கடலையும் ஒரு கட்டு முருங்கைக்காயும் சுமந்துகொண்டு, காந்திபுரத்தில் பஸ் மாறி வந்து இறங்கினார். இரண்டில் ஒன்று கேட்டுவிடுகிறேன் என்று மீசையைத் தடவிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். மழை எப்படி என்று பேசினார்கள். காங்கேயம் காளை விலை என்ன என்று பேசினார்கள். மாப்ளைக்கு ஒடம்பெல்லாம் நல்லாருக்குதுங்களா என்று மாமா கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். பிறகு கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சமையலறைக்குள் வந்தார். “எப்பிடி அம்மணி மாப்ளைகிட்ட மூஞ்சிக்கு நேரா இதைக் கேக்கறது? கண்ணால ஒருக்காப் பாத்துப்போட்டு அப்பறம் கேக்கலாம்” என்றார்.

தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. பூசத்துக்குப் பழனி போகலாம், என் வண்டியிலேயே எல்லோரும் வாங்க என்று அப்பா அதற்குள் இரண்டு தரம் சொல்லியிருந்தார். அதுவும் அம்மாவுக்கு ஒரு வேஷமாகவே பட்டது. அவர் ஷெட்டுக்குக் கிளம்பிய பிறகு நாங்கள் மூவரும் வேறு வழியாகச் சுற்றி ஸ்டேஷனுக்குப் போனோம். கடைசிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தோம். அம்மா முந்தானையை நெற்றி வரை இழுத்துக்கொண்டாள். பழனிக்கு மாலை போட்டவர்கள் காவடியும் கையுமாகப் பெட்டி நிறைய இருந்தார்கள். வண்டியில் போகிறவர்கள் யாரும் இன்ஜினின் முகத்தைப் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நமக்குக் கிடைப்பது அதன் புகையும் கண்ணில் விழுகிற கரித்தூளும்தான்.

கிணத்துக்கடவு தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. அவள் எப்படி இருப்பாள் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். சிவப்பாக இருப்பாள், ஒல்லியாக இருப்பாள், மயில் கழுத்துச் சீலை கட்டியிருப்பாள், எனக்கு வர வேண்டிய கொலுசைப் போட்டிருப்பாள். அவளுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்து அந்தக் கொலுசு அவள் காலில் இருந்தால் என்ன செய்வது என்று நினைத்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டது.

பொள்ளாச்சியில் வண்டி நின்றது. இன்ஜின் தண்ணீர் பிடிக்க வேண்டும், நேரம் இருந்தது. அப்பா இறங்கினார். கையில் வாழை இலைப் பொட்டலம். ஸ்டேஷன் வாசல் பக்கம் போவார் என்று நாங்கள் தயாராக நின்றோம். அவர் முன்பக்கமாக நடந்து மறைந்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போக, அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அப்பா இன்ஜினின் முன்னால் குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அதன் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தின் நடுவே ஒரு பித்தளை மயில், தோகை விரித்து நின்றது. அதற்குப் பூவைச் சுற்றினார். சரியாக விழவில்லை என்று அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

எங்கள் கரிச்சட்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நசுங்கிய புகைபோக்கி நிமிர்ந்து, கழுத்தில் பித்தளை வளையம் போட்டிருந்தது. சக்கரங்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு. முன்சட்டம் நல்ல குங்குமச் சிவப்பு. அப்பா நின்று ஓட்டுகிற இடத்தின் வெளிப்பலகை மயில் கழுத்து நிறம். அதைச் சுற்றி அகலமாக அரக்குக் கரை. கரையின் நடுவே மெல்லிசாக ஒரு கோடு.

அம்மா அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மயிலைப் பார்த்தாள். அது என்ன பித்தளை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணபதி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் தவலையை உருக்கி ஊற்றியது என்று பிறகு தெரிந்தது.

கரி தள்ளுகிற பயர்மேன் மாமாதான் முதலில் எங்களைப் பார்த்தார். “வாங்கக்கா, பூசத்தன்னிக்கு உங்களைக் கூட்டியாந்து காட்டோணும்னு இருந்தாரு, அதுக்குள்ளார வந்துட்டீங்களே” என்றார்.

அப்பா திரும்பினார். அவருக்கு எங்கள் டிரங்குப் பெட்டியும் தெரியாது, மாமாவின் மீசையும் தெரியாது. பரிசு வாங்கியவர் முகம் போல இருந்தது அவர் முகம். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“கரிச்சட்டின்னு சொன்னயே, இப்ப எப்பிடி இருக்குது?”

அம்மா நெற்றி வரை இழுத்திருந்த முந்தானையைக் கீழே இறக்கினாள்.

“ஒரு பொம்பளையா இருந்திருந்தா முடியப் புடிச்சு நாலு இழுப்பு இழுத்துப்போட்டு வந்திருப்பேனுங்க. இதைய நான் என்னுங்க பண்றது?”

அப்பாவுக்குப் புரியவில்லை. பயர்மேன் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. முருகனுக்கே ரெண்டு பேரு, எங்கண்ணனுக்கு இருந்தாத்தான் என்னங்கக்கா என்று சிரித்தார். பழனியில் முருகன் ஆண்டி என்பதை அவர் மறந்துவிட்டார். மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, மாப்ளைக்கு ஒடம்பெல்லாம் நல்லாருக்குதுங்களா என்று மறுபடியும் கேட்டார்.

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அப்பா அப்படித் துடைத்ததில்லை. என் தலையில் பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்ததில்லை. வெள்ளகோவிலுக்குப் போக வேண்டாம் என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் வேறொரு வீட்டில் கொலுசு போட்ட மகள் இருந்திருந்தால் அவளைத் திட்டவாவது திட்டியிருக்கலாம். இரும்போடு என்ன சண்டை போடுவது? நாங்கள் மூவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு பெண் என்றால் மனிதருக்கு என்றாவது சலித்துப்போகும், இது சலிக்காது என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. இன்ஜினுக்குச் ‘சின்னவ’ என்று பெயர் வைத்தாள். சின்னவளுக்குப் பூ வாங்கியாச்சுங்களாங்க? சின்னவளுக்கு இந்த மாசம் என்ன சாயமுங்க? பூசத்துக்குப் பழனி போனோம், அந்த வண்டியிலேயே போனோம். ஆனால் முன்பக்கம் வந்து பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குக் காட்டத்தான் அத்தனையும் செய்தார் என்று எனக்கு விளங்க என் மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. அப்பா அதைச் சொல்லவில்லை. அம்மா அதைக் கேட்கவும் இல்லை. கொலுசு சித்திரையில் வந்தது. எனக்குச் சின்னதாக இருந்தது.

கரி இன்ஜின்களை நிறுத்தினார்கள். சின்னவளை எங்கோ இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா டீசல் ஓட்டினார், ஓய்வு பெற்றார், கடைசி வரை டீசலைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். சின்ன லைனையும் பிடுங்கி அகலமாகப் போட்டுவிட்டார்கள். அப்பா போன நாளில் இருந்து அம்மா வெள்ளைச் சீலைதான். வேறு நிறம் கட்டச் சொல்லி நானும் என் மகளும் எத்தனையோ சொல்லிப் பார்த்தோம். எங்க பக்கத்து வழக்கம், விடு என்றுவிட்டாள்.

அந்தப் படத்தை நான் அம்மாவிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன். செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கூட்டீட்டுப் போ என்றாள்.

போனோம். தோட்டத்து வாசலில் காரில் இருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சங்கிலி வேலி வரைக்கும் நடந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகும் வரை காத்திருந்தாள். சிவப்பு, மஞ்சள், தங்கம், இடையில் கிளிப்பச்சை. முகத்தில் மயில் இருந்த இடத்தில் நாலு ஓட்டை, அதையும் மாவு வைத்து அடைத்து மேலே சாயம் பூசியிருந்தார்கள். எங்கம்மா தவலைய எவன் கழட்டீட்டுப் போனானோ என்றாள். சிவப்புக்குப் பச்சைக் கரை போட்டது எவன் என்றும் கேட்டாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

பிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அப்பா நினைவு வந்துவிட்டது, அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன். அவள் தன் முந்தானையைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மனுசந்தானே கண்ணு போனது? நான் வெள்ளச்சீல கட்டீட்டு நிக்கறேன். அவளுக்கு மட்டும் என்ன, இன்னும் செவப்புக் கேக்குதா?”

அவள் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. வரும் வழியில் காந்திபுரத்தில் காரை நிறுத்தச் சொல்லி ஒரு துணிக்கடைக்குள் போனேன். மயில் கழுத்து நிறம் இருந்தது, கரை சரியாக அமையவில்லை. கடைப் பையன்கள் பொறுமையாக விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒன்று கிடைத்தது. அகலமாக அரக்குக் கரை, நடுவே மெல்லிசாகக் கோடு. வீட்டில் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தேன். இதெல்லாம் என்னத்துக்கு, இந்த வயசுல ஊரு சிரிக்கும் என்றாள். பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது, அந்தச் சீலையைக் கட்டிக்கொண்டு அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பும் போட்டிருந்தாள்.

“காரை எடுக்கச் சொல்லு. அவளை இன்னொருக்காப் போயிப் பாத்துட்டு வந்தரலாம்.”